நீல நூல் கட்டிய போத்தல்

முல்லைத்தீவு
ஒக்ரோபர் 10, வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் ஆன்சலாவுக்கு,

மடுமாதாவின் தயவால் அப்பாவும் நானும் கட்டி வைத்திருக்கிற ஆடும் சுகம், என் கைவிரல்கள் பத்தும்தான் சுகமில்லை. அங்கே நீயும் மருமகன் கொலின்ஸும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் சுகமாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த நாட்களில் எனக்கு வேறு செபமே வாயில் வருவதில்லை. நேற்றும்தானே போனில் கதைத்தோம், இதென்ன அம்மா புதினமாய்க் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். உனக்குத் தெரியும், உன் அழைப்பு வந்தால் அப்பா போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கதிரையையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்திலே குந்திவிடுவார், உன் குரலில் ஒரு சொல் சிந்தினாலும் அவருக்குப் பொறுக்காது. அவர் காதில் விழக்கூடாத கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால்தான் கொப்பியில் நான்கு தாள் கிழித்து எழுதுகிறேன். சித்தப்பாவின் மகள் கம்சா பின்னேரம் வந்து இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவாள். அவளுக்கு எல்லாம் தெரியும், கிளினிக்குக்கு என்னோடு வந்தவள் அவள்தான். எழுத்துக் கோணலாக இருந்தால் பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று விளங்கிக்கொள்.

நீ வயிற்றில் பிள்ளை என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீடு நிலத்தில் நிற்கவில்லை பிள்ளை. களப்பில் விடியப்புறம் ஒரு வெள்ளைப் பனிப்புகார் கிடக்கும், தெரியும்தானே, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல், அதற்குள்ளே வீடு மிதக்கிறது போல இருந்தது. ஐந்து வருடம் காத்திருந்து வந்த செய்தி அல்லவா. அப்பா வலை எடுக்கப் போகும்போது ஏதோ பழைய தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார், நாற்பது வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. மத்தியானத்தில் சோறு தின்றுவிட்டுச் சற்றுச் சரிந்தால் எனக்குக் கனவு வரும். களப்புத் தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஒரு சின்னப் பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறது, கால் வைக்கிற இடத்திலெல்லாம் றால் குஞ்சுகள் துள்ளி விலகுகின்றன. நான் பின்னால் போகிறேன், ஓடவில்லை, அவசரமும் இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பும் என்று தெரிந்தும் கூப்பிடாமல் நடக்கிறேன், அந்த நடையே அவ்வளவு இன்பமாக இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் அதே கனவு வருகிறது, ஆனால் இப்போது கூப்பிடவே பயமாக இருக்கிறது. ஏன் என்றுதான் எழுதப் போகிறேன், நீ எங்கேயாவது இருந்துகொண்டு வாசி.

என் குளிசைகளின் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. மூட்டு வாதத்துக்குக் கிளினிக்கில் எனக்கு இரண்டு விதமான குளிசை தருகிறார்கள். ஒன்று கிழமையில் ஒரே நாள் குடிக்கிறது, ஞாயிறு பூசை முடிந்து வந்து நான்கு குளிசை. மற்றது மிச்ச நாட்களில் ஒவ்வொன்று, போலிக் அசிற் என்கிற விற்றமின், முதல் மருந்தின் கடுமையைத் தணிக்க. இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னன், பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். கடதாசி உறையில் போட்டுப் பெயர் எழுதித்தான் தருவார்கள், ஆனால் நம் வீட்டு உப்புக்காற்றில் அந்த உறை இரண்டு கிழமை தாங்காது, எழுத்துக் கரைந்து குளிசையும் பிசுபிசுத்துவிடும். அதனால் நான் கெட்டிக்காரி, வந்த அன்றே இரண்டு போத்தலில் கொட்டி, வலை மிதப்புகளில் எங்கள் வலை இது என்று அடையாளத்துக்கு நூல் கட்டுவோமே, அதே போலக் கழுத்தில் நைலோன் நூல் கட்டி வைத்துவிடுவேன். சிவப்பு நூல் ஞாயிற்றுக்கிழமை மருந்து, நீல நூல் விற்றமின். நாலு வருடம் ஒரு தரமும் மாறிப் பிழைக்கவில்லை. கடலில் ஆயிரம் மிதப்புக்குள்ளே எங்களுடையதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஜன்னலில் இருக்கிற இரண்டு போத்தலைத் தெரியாதா என்று எனக்கு ஒரு திமிர்.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போக ஆயத்தப்பட்ட கிழமை அப்பா அவசரமாக வலைக்கு அடையாளம் கட்ட நூல் தேடியிருக்கிறார். ஜன்னலில் நல்ல நூல் இரண்டு கிடக்கக் கண்டு அவிழ்த்தெடுத்துவிட்டார். நான் கண்டு, இது என்னுடைய மருந்து நூல், உங்களுடைய வலைக்கு வேறு நூல் கிடையாதோ என்று நன்றாகக் கொடுத்தேன். அவர் இரண்டையும் திருப்பிக் கட்டி வைத்தார். இவ்வளவுதான் நடந்தது. எது எதற்கு என்று நானும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பேசின வாய்க்குப் பார்க்கிற கண் இருக்கவில்லை எனக்கு.

அந்தக் கிழமைதான் எங்கள் பகுதி மருத்துவமாது கோயிலடியில் ஒரு புது மணப்பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டு நின்றா, பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலே போலிக் அசிற் குடிக்கத் தொடங்க வேணும் என்று. எனக்குள்ளே விளக்கு எரிந்தது. என்னிடம் ஒரு போத்தல் கிடக்கிறதே, நான் ஒரு மாதம் விற்றமின் இல்லாமல் இருந்தால் செத்தா போய்விடுவேன் என்று நினைத்தேன். நீல நூல் போத்தலை மடுவுக்குக் கொண்டுபோய், மரத்தடியில் கூடாரம் அடித்துத் தங்கிய மூன்று நாளும் மடிக்குள்ளேயே வைத்திருந்து, மாதாவின் காலடியில் வைத்துச் செபித்து எடுத்து, மடு மண்ணும் ஒரு பொட்டலம் கட்டி, அடுத்த போத்தலுக்கு உதவும் என்று நீல நூலை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு, நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்திருந்த மருமகனின் கூட்டாளி மெல்ரொனிடம் கருவாட்டோடும் மிளகாய்த்தூளோடும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அவன் ஒஸ்லோவில் நின்று செப்ரெம்பர் நடுவில்தான் உங்கள் பேர்கனுக்கு வந்து சேர்த்தான். அங்கத்தைய டொக்டர் தருகிறது இருக்கட்டும், இது மாதா தொட்டது, ஒரு நாளும் விடாமல் குடி என்று போனில் நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். ஓம் அம்மா என்றாய். நீ எப்போது எனக்கு மாட்டேன் என்றாய்.

செப்ரெம்பர் கடைசியில் என் கைகள் வீங்கத் தொடங்கின. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. கிழிந்த வலை பொத்த ஊசி பிடிக்க முடியவில்லை, குசினியில் தேங்காய் திருவ முடியவில்லை, அப்பாதான் திருவித் தந்தார். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை கம்சாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாக் கிளினிக்குக்குப் போனேன். சிவப்பு நூல் போத்தலையும் கொண்டுபோனேன். அங்கேயிருந்த தாதி ஒரு குளிசையைக் கையில் உருட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அம்மா இது முழுக்க விற்றமின், ஞாயிற்றுக்கிழமை மருந்து எங்கை என்று கேட்டா. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கினது ஆன்சலா, நீல நூல் போத்தலில் எது இருந்தது என்று. மகளுக்கு அனுப்பிப்போட்டன், மகள் பிள்ளைத்தாச்சி என்று என் வாய் சொன்னது. தாதி டொக்டரைக் கூப்பிட ஓடினா.

டொக்டர் சின்னப் பெடியன்தான், ஆனால் நிதானமாகச் சொன்னார். அந்த மருந்து புற்றுநோய்க்காரருக்குப் பெரிய அளவில் கொடுக்கிறதாம், அதையே கிழமைக்கு ஒரு தரம் சின்ன அளவில் மூட்டுக்குக் கொடுக்கிறார்களாம். உடம்பில் வேகமாகப் பெருகி வளர்கிறதை அது தடுக்குமாம். வயிற்றில் பிள்ளை தங்கின முதல் கிழமைகளில் வளர்ச்சியைத் தவிர வேறு என்ன நடக்கிறது அம்மா என்றார். தலை, முகம், கை, கால், இருதயம் எல்லாம் அப்போதுதான் உருவாகிறதாம். கரு கலையலாம், பிள்ளை குறையோடு வரலாம், ஒன்றும் ஆகாமல் நல்லபடி பிறக்கவும் கூடும், எது என்று இங்கிருந்து ஒருவராலும் சொல்ல ஏலாது, எந்த நாளிலிருந்து எத்தனை குளிசை உள்ளே போனது என்று தெரிந்தால்தான் அங்கேயுள்ள டொக்டர்மார் பார்க்க வேண்டியதைப் பார்ப்பார்கள் என்றார். தாய்க்கும் இரத்தம், ஈரல் எல்லாம் சோதிக்க வேண்டுமாம், ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் குடிக்கிற மருந்தே இல்லை. நாலு வருடத்துக்கு முதல் இந்த மருந்தைத் தொடங்கினபோது வேறொரு டொக்டர் அம்மா இனிப் பிள்ளை பெறுகிற எண்ணம் இருக்கோ, இருந்தால் இது கூடாது, ஆருக்கும் குடுக்கவும் கூடாது என்று சொன்னதும், நான் வெட்கத்தில் சிரித்ததும், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததும் அப்போதுதான் நினைவு வந்தது. எச்சரிக்கை என் காதுக்கு வந்துதான் இருக்கிறது. பகிடி என்று எடுத்து அதைத் தொலைத்துவிட்டேன்.

அந்த இடத்திலேயே கம்சாவின் போனில் உன்னை எடுத்தோம். நிற்பாட்டு, தொடாதே என்று கத்தினேன்.  நீ சொன்னாய், நான் அதை ஒண்டும் குடிக்கேல்லை அம்மா, அலுமாரியில இரண்டாம் தட்டில, நீலத் துவாய்க்குப் பின்னால, கொண்டுவந்த பையோடயே கிடக்கு, இஞ்ச டொக்டர் தந்ததைத்தான் குடிக்கிறன், நீங்கள் பயப்பிடாதேங்கோ என்று. மாதாவே என்று அப்படியே அங்கே கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டேன். கம்சா பிளேன்ரீ வாங்கித் தந்தாள். அது எவ்வளவு இனித்தது தெரியுமா.

பஸ்ஸில் வரும்போது மாங்குளம் கழிந்து காட்டுப்பாதைக்குள் திரும்பினதும் எனக்குக் கண் சொருகினது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, மரங்கள் ஜன்னலில் பச்சையாக ஓடுகின்றன, உன் குரல் மட்டும் உள்ளே கேட்கிறது. அம்மா இந்தப் போத்தல் மூடியை இப்படியா இறுக்கிறது, காலையில கொலின்ஸ்தான் திறந்து தாறவர் என்று சிரித்தாயே போன மாதம். போன ஞாயிறு, வாயெல்லாம் புண் அம்மா, தோசை தின்னவும் எரியுது என்றாயே. சூட்டுக்கு வந்திருக்கும், தேங்காய்ப்பால் கொப்பளி என்று வைத்தியம் சொன்னேனே நான். கிளினிக்கில் தாதி உன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி, மகளுக்கு வாயில் புண் வந்ததோ என்பதுதான். இல்லை என்று சொல்லியிருந்தேன், அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. ஒட்டுசுட்டான் வர முழித்துக்கொண்டேன், பிறகு வீடு வரும்வரை கண்ணை மூடவில்லை.

பிள்ளை, உன்னைப் பெற்றவள் நான். நீ உண்மை சொன்னால் ஒரு சொல்லில் சொல்லுவாய். பொய் சொன்னால்தான் தட்டு, துவாய், பை எல்லாம் வரிசையாக வரும். சின்னனிலிருந்தே அப்படித்தான், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அரிசி எந்தக் கடையில் வாங்கினது என்றும் சொல்லுவாய். ஏன் பொய் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும், அதை நினைத்துத்தான் மூன்று நாளாக அழுகிறேன். உன் பதினோராவது வயதில் அப்பாவோடு களப்புக்குப் போய் வலை பிடித்த நாள் நினைவிருக்கா. திருக்கை முள் காலில் ஏறினதை நீ மறைத்துவிட்டாய். வா என்று கூப்பிட்டது அப்பா, அவர் மனம் நோகும் என்று இரண்டு நாள் நொண்டாமல் நடந்தாய், செருப்புக் கடித்தது, இடது கால் பட்டி, புதுச் செருப்பு என்று விவரம் விவரமாகச் சொன்னாய். மூன்றாம் நாள் காய்ச்சலில் பிதற்றினபோதுதான் காலைப் பார்த்தோம், முழங்கால் வரை கறுத்திருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலை எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். முள் ஏறினதால் அப்பா அவ்வளவு அழவில்லை. நீ மறைத்ததற்காக அழுதார்.

இப்போதும் அதே வேலைதான் செய்கிறாய். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய். அம்மா தன் கையாலே அனுப்பினது என்று அவாவுக்குத் தெரியக்கூடாது என்று போத்தலை எறிந்துவிட்டு, மருமகனுக்கும் சொல்லாமல், டொக்டருக்கும் சொல்லாமல், தனியே அந்தக் குளிர் வீட்டில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாயோ என்றுதான் எனக்குப் பயம். அனுப்பினது நான், செபித்துச் செபித்து அனுப்பினது நான், அது எனக்குத் தெரியும், நீ மறைத்தாலும் தெரியும். என் நெஞ்சு அதைச் சுமக்கும், பயப்படாதே. ஆனால் நீ சொல்லாவிட்டால் உன் வயிற்றிலிருக்கிறதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், உன் இரத்தத்தையும் பார்க்க மாட்டார்கள். வாய்ப்புண் சும்மா வந்தது இல்லை ராசாத்தி. ஆகையால் இதை வாசித்து முடிந்ததும் மருமகனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லு, அவர் தங்கமான பிள்ளை, மீன் கம்பனியில் வேலை முடிந்து களைத்து வந்தாலும் உன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட மாட்டார். இரண்டு பேரும் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் வையுங்கள். கிளினிக்கில் என் மருந்துச் சீட்டைப் பார்த்து எண்ணிச் சொன்னார்கள், முப்பத்திரண்டு தந்தார்கள், நூல் மாற முதல் ஒரு ஞாயிறு நான் நான்கு குடித்தேன், மாறின அன்றே நீல நூல் போத்தலை உனக்கென்று ஒதுக்கிவிட்டேன், உனக்கு வந்தது இருபத்தெட்டு. மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார்கள், கம்சா அதையும் படம் பிடித்து அனுப்புவாள். மிச்சம் எத்தனை என்று எண்ணிச் சொல்லு, எறிந்திருந்தால் குடித்த நாட்களை எண்ணிச் சொல்லு. நான் மனதுக்குள் ஒரு எண் போட்டு வைத்திருக்கிறேன், அதை எழுத மாட்டேன். டொக்டர்மார் என்ன சொன்னாலும் நீயும் அவரும் சேர்ந்து யோசித்து எடுக்கிற முடிவுதான் முடிவு, என்ன நடந்தாலும் இந்த வீட்டில் உன்னை ஒரு சொல் கேட்க ஆளில்லை. பிள்ளை எப்படி வந்தாலும் எங்கள் பிள்ளை. வராமல் போனாலும் என் கனவில் நடந்தது எங்கள் பிள்ளைதான்.

அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். நூலை மாறிக் கட்டினது தான் என்று தெரிந்தால் அவர் தாங்க மாட்டார். கிளினிக்கால் வந்து, மருந்து மாற்றித் தந்தார்கள் என்று சொல்லி, இரண்டு நூலையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். புதன்கிழமையிலிருந்து அவர் தொழிலுக்குப் போகவில்லை, காற்றுச் சரியில்லையாம். நானும் ஓம் என்றேன்.

இவ்வளவும் எழுதி நிறுத்தி வைத்திருந்தேன், இப்போது பின்னேரம், திரும்ப எழுதுகிறேன். கண்ணயர்ந்துபோனேன் போல. முழித்தால் அப்பா எனக்கு முன்னால் கதிரையில் இருக்கிறார், கொப்பித் தாள்கள் என் மடியில் கிடக்கின்றன, தொட்டிருக்கவில்லை. வெளியே களப்பு எண்ணெய் ஊற்றினது போல அசையாமல் கிடக்கிறது, காற்று ஒரு பொட்டும் இல்லை. எத்தனை குடிச்சவளாம் என்று கேட்டார்.  சேட்டுப் பையிலிருந்து அந்தச் சிவப்பு நூலையும் நீல நூலையும் எடுத்து என் முன்னால் வைத்தார், குப்பையில் கண்டாராம். செவ்வாய்க்கிழமை இதைக் குப்பையில கண்ட உடனேயே விளங்கிட்டுது, நீல நூல் போத்தல்தானே மகளுக்குப் போனது, நான்தானே மாறிக் கட்டினனான், எனக்குத் தெரியக்கூடாதெண்டு நீர் பேசாமல் இருக்கிறீர் எண்டு நானும் பேசாமல் இருந்தனான் என்றார். பார்த்தாயா பிள்ளை, உன் மறைப்பு எங்கேயிருந்து வந்தது என்று. மூன்று பேரும் மூன்று மூலையில் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம், காப்பாற்ற வேண்டியவர் நடுவில் தனியே கிடக்க.

கடிதத்தை அவருக்கே வாசித்துக் காட்டினேன். திருக்கை முள் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். பிறகு தானும் ஒரு வரி சொன்னார், அப்படியே எழுதச் சொன்னார், எழுதுகிறேன். அப்பா நோகமாட்டன் மகள், இந்த முறை முதல் நாளே காலைக் காட்டு.

இரவைக்குப் போனை எடுப்போம். அப்பா வழக்கம்போலப் பக்கத்தில்தான் இருப்பார், சத்தமாகத்தான் போட்டிருப்போம். தட்டும் துவாயும் வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லு. சாப்பாட்டைக் குறைக்காதே, வாய் எரிந்தால் ஆறின கஞ்சி குடி. மடுமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் முத்தங்களுக்குக் காத்திருக்கும்
அம்மா இரஞ்சிதம்
அப்பா லோறன்ஸ் (கையெழுத்து அவருடையதுதான், தானே போட்டார்)